இரும்பு முளை

புயல் கடலுக்குத் திரும்பிப் போன காலையில்
ஸ்ப்ரூஸ் மரம் வேலிமேல் கிடந்தது,
பாதி என் நிலத்தில்,
பாதி ஒனெசிம் கோர்மியேயின் புல்வெளியில்.
அறுந்த மின்கம்பி ஒன்று அதன் உச்சிக் கிளைகளில்
துணி காயும் கொடிபோல் சாதுவாகத் தொங்கியது.

சாதுவானவற்றை நான் நம்புவதில்லை.
லாப்ஸ்டர் ஆலையில் பதினெட்டு வருஷம்.
ரப்பர் வளையம் நழுவிய கொடுக்கு
அசையாமல்தான் இருக்கும்
விரல் வரும்வரை.

இரண்டு நாள் கிட்டே போகவில்லை.
கேஸ் அடுப்பில் டின் சூப்,
மேஜைக்காலில் நாய்.
அதற்கு அந்த வேர்க்குழிமேல் ஒரே மோகம்.
குழிக்கு மேலே என்னைவிட உயரமாய்
வேரும் களிமண்ணும் பின்னிய சுவர் நின்றது.
மரத்தின் பாரம் இழுத்துப் பிடித்திருப்பதால் நிற்கிறது.
பாரத்தை அறுத்துவிட்டால்
காற்றில் அறையும் கதவுபோல் மூடிக்கொள்ளும்,
உள்ளே யார் என்று கேட்காது.

மூன்றாம் நாள் கம்பெனி வண்டி வந்து
கம்பியைச் சுருட்டிக்கொண்டது.
"இனிமேல் இது வெறும் மரம்தான்" என்றான் ஒரு பையன்.
வெறும்.

தலைக்கவசம் இருந்தது. காதடைப்பு, கண்ணாடி,
சங்கிலி பட்டால் நூல் நூலாய்ப் பிரிந்து
ரம்பத்தை நிறுத்தும் கால்சட்டை, எல்லாம் இருந்தன.
ஆள்தான் இல்லை.
தனியாக ரம்பம் ஓட்டாதே என்பது சட்டமில்லை,
எனக்கு நானே போட்டுக்கொண்டது.
மகள் ஆல்பெர்ட்டாவில்.
கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் ஒருவன்தான்;
அவனும் நானும் பதினோரு வருஷமாய்
வக்கீல் கடிதங்களில் மட்டும் பேசிக்கொள்கிறோம்.
அரை மீட்டர் நிலம்.
எப்போதோ ஒரு சர்வேயர் அடித்துவிட்டுப் போன இரும்பு முளையை
இருவரும் தேடினோம். ஒரு கோடையில் அவன்
உலோகம் காட்டும் கருவியோடு
முட்டிபோட்டு ஊர்ந்ததைத்
திரைச்சீலைக்குப் பின்னால் நின்று பார்த்திருக்கிறேன்.

"யாராவது ஒருத்தர் பார்த்துக்கிட்டு நிற்கணும்" என்றேன்.
"எவ்வளவு தூரத்துல?"
"மரத்தைப்போல ரெண்டு மடங்கு."

முதலில் ஒரு சுற்று நடந்து பார்த்தோம்,
அவன் அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம்.
குழியின் விளிம்பில் சந்தித்தோம்.
அடியில், களிமண்ணில் செருகி,
துருவேறிய தலையோடு அது நின்றது.
மூன்றே எட்டு.
அவன் ஒரு காலைத் தூக்கினான்.
"இறங்காதே!"
பதினோரு வருஷத்துக்குப் பிறகு என் முதல் ஒருமை.
கால் விளிம்புக்குத் திரும்பியது.

அடிகளை எண்ணிப் போய்த் தள்ளி நின்றான்,
கையில் போன், மறு கை பாக்கெட்டில்.
கிளைகளைக் கழித்துக்கொண்டே வந்தேன்.
"எர்மின்!"
காதடைப்பைத் துளைத்துக்கொண்டு வந்தது என் பெயர்.
அடிமரத்தின் கீழே ஒரு இளம் பிர்ச்,
வில்லாய் வளைந்து, நாண் ஏறி,
என் தாடைக்கு நேராக.
நான் பார்த்திருக்கவில்லை.
பின்வாங்கி, பக்கவாட்டில் வந்து,
வளைவின் உள்பக்கத்தைக் கொஞ்சம் கொஞ்சமாய்ச் சீவினேன்.
அது முனகித் தளர்ந்தது.
என் முழங்காலும்தான்.

பிறகு அடிமரம்.
மேலிருந்து மூன்றில் ஒரு பங்கு, ஆப்பு வாயைக் கவ்வாமல்.
மீதியைக் கீழிருந்து.
ஒரு வெடிப்புச் சத்தம்.
மரம் இந்தப் பக்கம் விழ,
வேர்ச்சுவர் அந்தப் பக்கம் எழுந்து
குழிக்குள் உட்கார்ந்துகொண்டது.
தரை என் பற்களில் அதிர்ந்தது.
இடுப்புயர அடிக்கட்டை நிமிர்ந்து நின்றது,
புயலே வராததுபோல்.

ரம்பத்தை அணைத்தேன்.
முளை எந்தப் பக்கம் இருந்தது என்று
இருவரும் பார்த்திருந்தோம்.
அவன் கேட்கவில்லை, நான் சொல்லவில்லை.
காப்பிக்கும் கூப்பிடவில்லை.

"நாளைக்கு என் பக்கத்தை அறுக்கணும்" என்றான்,
கட்டையைப் பார்த்துக்கொண்டே. "எட்டு மணி."

நாயை அவிழ்த்துவிட்டேன்.
இருட்டும்வரை கட்டையைச் சுற்றிச் சுற்றி வந்தது,
குழி எங்கே போனது என்று.